அது ஆறு, எழுந்திரிக்காத

2022 ஜனவரி 31-ஆம் தேதியோடு, பழைய விதிப்படி செய்த ஸ்லாட் மிஷின்கள் எல்லாம் ஜப்பான் முழுவதும் ஆட்டக்கூடங்களை விட்டு வெளியேறியாக வேண்டும். மறுநாள் காலை, அமாகாசாகி நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கூடத்தின் பின்வாசலுக்கு லாரி வந்தபோது, அதற்கு முன்பே ஒரு பெண் அங்கே நின்றிருந்தார். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களைப் பார்த்தே லாரிக்காரர் இறங்க யோசித்திருக்கிறார். மூலை மிஷினின் படத்தைக் கைபேசியில் காட்டி, இதை மட்டும் மற்றவற்றோடு கலந்துவிடாதே, கலந்தால் குடோனுக்கே வந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் அந்தப் பெண் வழிவிட்டார்.

குரஹாஷி மிவாகோ, வயது ஐம்பத்தொன்பது. நகராட்சிப் பள்ளியின் சமையல்கூடத்தில், படகுத் துடுப்பு போன்ற கரண்டியால் பிள்ளைகளுக்குக் குழம்பு கிண்டுகிறவர். முள்ளங்கி வாடியிருந்தால் காய்கறிக்காரர் வாங்கிக் கட்டிக்கொள்வார். பால் மிஞ்சினால் தலைமையாசிரியர். கோபத்தை மறைக்க மிவாகோவுக்குத் தெரியாது. எதற்காக மறைக்க வேண்டும் என்பதும் தெரியாது. இரும்பாலையிலிருந்து ஓய்வுபெற்ற கணவர் ஷிகெமி இதைப் பற்றி எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: "எங்க வீட்டுல கேஸ் செலவு கம்மி. இவ பக்கத்துல வெச்சாலே தண்ணி கொதிச்சுரும்."

பள்ளி விடுமுறை நாட்களில் மிவாகோவின் இடம் அந்தக் கூடத்து வாசல் வரிசை. அங்கே அவருக்குப் பெயர் 'ஆறு அக்கா'.

ஒவ்வொரு ஸ்லாட் மிஷினுக்கு உள்ளேயும் ஒன்று முதல் ஆறு வரை ஓர் எண் உண்டு. ஒன்றில் வைத்தால் அட்டை போல வலிக்காமல் உறிஞ்சும். ஆறில் வைத்தால் ஆடுகிறவருக்கு லாபம். எந்த மிஷினுக்கு எந்த எண் என்று கூடத்து மேலாளர் முந்தின நாளே சாவி போட்டு வைத்துவிடுவார், வெளியே மூச்சு விடக் கூடாது. ஆகவே வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஒரே வேலை, அந்த எண்ணை ஊகிப்பது. மேலாளரின் டை நிறம், பூந்தொட்டி நேற்று இருந்த இடத்தில் இருக்கிறதா, வணங்கும்போது எந்தப் பக்கம் திரும்பினார் என்று எல்லாமே அங்கே ஜாதகம். அந்த ஜாதகத்தை மிவாகோ படித்துச் சொன்னால் வரிசை கேட்டது. நாலு தடவை பலித்ததை ஊர் சொன்னது. பலிக்காதவற்றை யாரும் சொல்லவில்லை, முக்கியமாக மிவாகோ சொல்லவில்லை.

வரிசையில் ஒரு சட்டமும் உண்டு. ஆறில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கக் கூடாது. காலையில் தோற்கலாம், மதியம் தோற்கலாம், கடைசியில் அது தந்துவிடும். எழுந்து போனவன் முதுகுக்குப் பின்னால்தான் ஆறு சிரிக்கும் என்பார்கள்.

இந்தச் சட்டம்தான் ஹருயோவின் கூரையைத் தின்றது.

ஹருயோ, ஷிகெமியின் தங்கை. கணவரைப் பிரிந்து வந்து, பெற்றோர் விட்டுப்போன ஓட்டு வீட்டில் தனியாக இருப்பவர். கடைத்தெருவில் முடிதிருத்தகம் வைத்திருக்கிறார். 2018 செப்டம்பர் புயலில் எங்கள் ஊர்க் கூரைகள் பறந்தபோது அவர் வீட்டு ஓடுகளும் பறந்தன. எங்கு பார்த்தாலும் நீலத் தார்ப்பாய். கூரைக்காரர்கள் கோயில் பூசாரிகளைவிட மரியாதையாக நடத்தப்பட்ட காலம் அது. ஒருவழியாக ஒருவர் ஹருயோவுக்கு நாள் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை முன்பணத்தோடு வரச் சொன்னார்.

அதற்கு முந்தின நாள் திங்கட்கிழமை, விளையாட்டு தின விடுமுறை. பள்ளியும் இல்லை, முடிதிருத்தகமும் இல்லை. மிவாகோ நாத்தனாரைக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் மேலாளர் ஒரிதா இவர்கள் இருவரையும் பார்த்துக் குனிந்து, "இன்னிக்குக் கடைசி வரைக்கும் நிதானமா ஆடுங்க" என்றார். மிவாகோவின் முழங்கை ஹருயோவின் விலாவில் இடித்தது. 'கடைசி வரைக்கும்' என்று அந்த மனிதர் இதுவரை சொன்னதே இல்லை. கடைசி வரைக்கும் எழுந்திருக்காதே என்றால், அது ஆறு அல்லாமல் வேறென்ன? யார் முதலில் உள்ளே போவது என்று வாசலில் போடும் குலுக்கலில் அன்று முன்வரிசைச் சீட்டு விழுந்தது மிவாகோவுக்குத்தான். மூலை மிஷினை அவரே பிடித்து, அதில் நாத்தனாரை உட்காரவைத்தார். ஓட்டோடு சேர்த்து மழைநீர்க் குழாயும் புதிதாகப் போட்டுக்கொள்ளட்டும் என்பது எண்ணம். அந்த எண்ணத்தில் கள்ளம் இல்லை. அதனால்தான் பின்னால் அவ்வளவு கோபம்.

மதியத்துக்குள் ஹருயோ கூரைக்காரருக்கு வைத்திருந்த முன்பண உறையில் பாதி காலி. "அண்ணி, இது தராது போல. நான் எழுந்துக்கிறேன்."

"அது ஆறு. எழுந்திரிக்காத."

சாயங்காலமும் அதே கேள்வி, அதே பதில். கூடம் மூடும் பாட்டு ஒலித்தபோது கூரைக்காரரின் உறையில் ஒன்றும் இல்லை. கூரைக்காரர் வேறு வீட்டுக்குப் போய்விட்டார். ஹருயோ அடுத்த வருடம்தான் பாதிக் கூரைக்குத் தகரம் போட முடிந்தது. மீதிப் பாதியில் தார்ப்பாய் வெளுத்து, கிழிந்து, புதுத் தார்ப்பாய் வந்தது.

அது ஒன்று என்றார் ஹருயோ. ஆறுதான், ஆறும் எப்போதாவது தோற்கும் என்றார் மிவாகோ. ஆறும் தோற்கும் என்பது பொய்யில்லை, அதோடு நிறுத்தியிருந்தால் குடும்பச் சண்டையாகவே முடிந்திருக்கும். அடுத்த சனிக்கிழமை வரிசையில் யாரோ, என்ன அக்கா, உங்க மூலை காலை வாரிருச்சாமே என்று வாயைக் கிளறினார்கள்.

"மிஷின் ஆறுதான்," என்றார் மிவாகோ. "உட்கார்ந்தவளுக்குத்தான் ஏழை நிறுத்தத் தெரியல."

பரிசு விளக்கு எரிந்த பிறகு, சுழலும் மூன்று உருளைகளிலும் சிவப்பு ஏழு வரும் நேரம் பார்த்துப் பொத்தானை அழுத்தி நிறுத்த வேண்டும். கண் பழகாதவர்கள் தவறவிட்டுத் தவறவிட்டு டோக்கனைக் கரைப்பார்கள். வரிசையில் இதைவிடக் கேவலமான வசை கிடையாது. சமைக்கத் தெரியாதவள் கையில் நல்ல அரிசியைக் கொடுத்த மாதிரி என்று அர்த்தம். அந்தப் பேச்சு வரிசையிலிருந்து கடைத்தெருவுக்குப் போனது. ஒரு நாள் ஹருயோவின் நாற்காலியில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு படுத்திருந்த ஒருவர், ஏழு கண்ணுக்கே தெரியாதாமே உங்களுக்கு, என் கழுத்து தெரியுதா என்று கேட்டார். ஹருயோ சவரத்தை முழுதாக முடித்து, காசு வாங்காமல் அனுப்பினார். அதற்குப் பிறகு புத்தாண்டுக்குக்கூட அண்ணன் வீட்டுப் படி ஏறவில்லை.

மூன்று வருடத்துக்கு மேல் மிவாகோ பொங்கிக்கொண்டே இருந்தார். இடம் பிடித்துக் கொடுத்தவளைப் பார்த்துப் புளுகினி என்று சொல்வதா? பழைய மிஷின்கள் போகப்போகின்றன என்று கேள்விப்பட்டதும் அவருக்கு வழி தோன்றியது. அதே மிஷினை வாங்குவது. ஆறில் வைப்பது. ஆறாக இருந்தும் நாள் முழுக்கத் தோற்கும் என்று ஹருயோவின் கண்ணுக்கு நேராகக் காட்டுவது.

கூடங்கள் நேரடியாக விற்பதில்லை, வியாபாரி வழியாகத்தான் வரும். இதாமியில் குடோன் வைத்திருக்கும் வியாபாரி நல்ல மனிதர். வீட்டு உபயோகம் என்றால் இதே 'செங்கொக்கு' மிஷின் இன்னும் சுத்தமாக, இன்னும் மலிவாக நூறு கிடக்கிறது என்றார். சத்தம் குறைக்கும் திருகும், டோக்கன் போடாமலே ஆடும் பெட்டியும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். மிவாகோவுக்கு இரண்டும் வேண்டாம். சத்தம் அதே சத்தமாக இருக்க வேண்டும், டோக்கன் கைக்குள் குறைவது தெரிய வேண்டும்.

"நிறைய பேர் ஞாபகத்துக்காகத்தான் வாங்குறாங்கம்மா," என்றார் வியாபாரி.

"நான் சாட்சிக்கு வாங்குறேன்."

ஒரு நல்ல சோற்றுக் குக்கரைவிடக் குறைந்த விலைக்கு மிஷின் கிடைத்தது. அதை மாடிக்கு ஏற்றியதில் ஷிகெமியின் இடுப்புப் பிடித்துக்கொண்டது. உட்காரும் அறையில் தொலைக்காட்சி இருந்த இடத்துக்கு மிஷின் வந்தது. தொலைக்காட்சி குளிர்பதனப் பெட்டியின் தலைக்குப் போனது. மிஷினின் கதவைத் திறந்து சாவியைத் திருப்பினால், உள்ளே சின்னத் திரையில் 1 என்று எரிந்தது. கழற்றி அனுப்பும்போது எல்லாவற்றையும் ஒன்றில்தான் வைத்து அனுப்புவார்கள் என்று வியாபாரி முன்பே சொல்லியிருந்தார். ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்ததும் மிவாகோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொத்தானை ஐந்து தடவை குத்தி ஆறுக்குக் கொண்டுவந்து, கைப்பிடியைத் தட்டி உறுதி செய்து, கதவைச் சாத்தினார். வாழ்க்கை முழுக்க வெளியிலிருந்து ஊகித்த எண்ணை முதல் முறையாகத் தன் கையால் வைத்தார்.

அது ஜெயித்தது.

முதல் சனிக்கிழமை முழுக்க ஜெயித்தது. ஞாயிற்றுக்கிழமை இன்னும் அதிகமாக ஜெயித்தது. மூன்று உருளைக்கு மேலே கொக்கு வடிவப் பரிசு விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தது. ஊதோன் நூடுல்ஸ் கிண்ணங்கள் நிறைந்து, டோக்கன்கள் குளியலறை வாளிக்குப் போயின. பள்ளியிலிருந்து வந்ததும் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார், அப்போதும் அது தந்தது. பிப்ரவரியில் ஒரு நாள் மதியம் வரை தோற்றுக்கொண்டே வந்தது. மிவாகோ கைபேசியை எடுத்து நாத்தனாரின் எண்ணைத் தேடுவதற்குள் கொக்கு எரிந்தது, மறுபடி எரிந்தது, சாப்பாட்டு நேரத்துக்குள் போனதையெல்லாம் திருப்பிக் கொட்டிவிட்டது.

"தோத்துத் தொலையேன்," என்று கண்ணாடியை அறைந்தார். "ஒரு நாள், ஒரே ஒரு நாள் தோக்க மாட்டியா நீ?"

பாத்திரம் கழுவப் போகும்போது கணவரை உட்காரவைத்தார். அவர் இன்னும் மோசமாக ஜெயித்தார்.

"ஜெயிச்சதுக்காகத் திட்டு வாங்குற மிஷின் உலகத்துலேயே இது ஒண்ணுதான்," என்றார் ஷிகெமி.

"வாயை மூடிட்டு அழுத்துங்க."

கீழ்வீட்டுக்காரர்கள் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வந்து, மிவாகோவின் முகத்தைப் பார்த்து, குளிர் குறைந்துவிட்டது இல்லையா என்று பேசிவிட்டுப் போனார்கள். மார்ச் பாதி வரை வாராவாரம் இதே கதை. சில மாலைகளில் கொஞ்சம் தோற்கும், அது தோல்வி என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இருக்காது. ஒரு கூரையைத் தின்னும் அளவுக்கு அது ஒருபோதும் பசிக்கவில்லை. மிவாகோ இதை யாரிடமும் சொல்லவில்லை. பள்ளியில் குழம்பு இரண்டு நாள் அடிப்பிடித்தது. அது அதுவரை நடக்காதது.

ஷிகெமிதான் தங்கையைக் கூப்பிட்டார். உங்க அண்ணி ஜெயிச்சு ஜெயிச்சு இளைச்சுப் போயிட்டா, வந்து பாரு என்றாராம். மார்ச் 21, திங்கள், சம இரவு நாள். முன்னோர்க்குப் படைக்கும் பயறு பூசிய அரிசி உருண்டைகளோடு ஹருயோ வந்தார். பெற்றோரின் படத்துக்கு முன்னால் ஊதுவத்தி ஏற்றினார். பிறகு நேராக மிஷினிடம் போய், திறந்து காட்டுங்க என்றார். திரையில் 6. தன் கண்ணால் பார்த்த பின்தான் உட்கார்ந்தார்.

சற்று நேரத்தில் கொக்கு எரிந்தது. மிவாகோ பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஹருயோவின் கட்டைவிரல் மூன்று தடவை அழுத்தியது. ஏழு, ஏழு, ஏழு. அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவை ஹருயோ மிஷினைப் பார்க்காமல் அண்ணியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே முதல் பொத்தானை அழுத்தினார். அதிலும் ஏழு நின்றது. முப்பது வருடம் மனிதர்களின் கழுத்தில் சவரக்கத்தி வைத்த கை அது. ஒன்றுகூடத் தவறவில்லை. ஷிகெமி வாளியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார்.

மாலை வரை ஆடிவிட்டு ஹருயோ எழுந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் மிவாகோவுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"இதுதான் ஆறா?" என்றார். "இப்படித்தான் இருக்குமா? இதை நான் அன்னிக்குப் பார்க்கவே இல்லையே அண்ணி."

"ஆறும் ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் தோக்கும்."

"தோக்கட்டும். தோக்குறப்ப கூப்பிடுங்க, வர்றேன்." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "கெட்டிக்காரி புளுகு எட்டு நாளைக்கும்பாங்க. உங்களுது மூணு வருஷம் ஓடிருச்சு."

கதவு சாத்தியதும் மிவாகோ மிஷினை உதைத்தார். கால் கட்டைவிரல் வீங்கியது. ஷிகெமி அரிசி உருண்டைத் தட்டை எட்டாத இடத்துக்கு நகர்த்தி வைத்தார்.

மறுநாள் வேலை முடிந்து, மிவாகோ ரப்பர் பூட்ஸோடு நொண்டிக்கொண்டே கூடத்துக்குப் போனார். ஒரிதா புது மிஷின்களுக்கு முன்னால் துணியோடு நின்றிருந்தார். எண்ணைப் பற்றி அவர் வாய் திறக்கக் கூடாது என்பது மிவாகோவுக்குத் தெரியும். அதனால் அதைக் கேட்கவில்லை. அந்தச் சொல்லை மட்டும் கேட்டார். 2018 அக்டோபர், விளையாட்டு தினம். 'கடைசி வரைக்கும் நிதானமா.' ஏன் அப்படிச் சொன்னீர்கள்?

ஒரிதாவுக்கு நினைவு வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புயலுக்குப் பிறகு கூட்டம் குறைந்துவிட்டது, அந்த மாதம் தலைமையகத்திலிருந்து அந்த வாசகத்தை எழுதி அனுப்பியிருந்தார்கள் என்றார். மழை நாளில் 'குடையை மறந்துடாதீங்க'. மற்ற நாளில் அது.

"எத்தனை பேருக்குச் சொன்னீங்க?"

"வாசல்ல வந்த எல்லாருக்கும்தான்மா."

மிவாகோ குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். அதை ஒரிதா சமாதானம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. அவர் மனதாரச் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட மோசம். இடுப்பு வரை குனிந்து, "குரஹாஷி அம்மாவுக்கு நாங்க ரொம்பக் கடமைப்பட்டிருக்கோம். நீங்க கை காட்டின பக்கம்தான் முதல்ல நிரம்பும். எந்த வரிசை காலியா இருக்குன்னு நாங்க கவலைப்பட்டதே இல்ல," என்றார். பிறகு ஓடிப்போய், சூடான காபி டின் ஒன்றை இரண்டு கையாலும் கொண்டுவந்து நீட்டினார்.

இத்தனை வருடம் கூடத்து ரகசியத்தைத் தானே உடைப்பதாக நினைத்திருந்தவர், கூலி வாங்காமல் அவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்திருக்கிறார். அதற்குக் கூலி அன்றைக்கு வந்தது, ஒரு டின் காபி. மிவாகோ அதை வாங்கி, அவர் இப்போதுதான் துடைத்து முடித்த மிஷினின் தலையில் திறந்து கவிழ்த்துவிட்டு வெளியே வந்தார். யாரும் தடுக்கவில்லை. பின்னால் ஒரிதா யாரையோ துணி கொண்டுவரச் சொல்வது கேட்டது.

அதே பூட்ஸோடு முடிதிருத்தகத்துக்குள் நுழைந்தார். நாற்காலியில் ஒரு கிழவர் பாதி முடியோடு இருந்தார். அவருக்கு முன்னாலேயே பேசினார்.

"அது ஒண்ணுதான்."

ஹருயோவின் கத்தரிக்கோல் நின்றது.

"ஒண்ணோ ரெண்டோ, என்ன எழவோ. ஆறு இல்ல. அந்தாளு எல்லார்கிட்டயும்தான் அப்படிச் சொன்னானாம். நான்தான் அதை வேதவாக்கா எடுத்து உன் தலையில கட்டிட்டேன்."

"இதைத் தெரிஞ்சுக்க ஒரு மிஷின் வாங்க வேண்டியிருந்துச்சா? நான் அன்னிக்கே சொன்னேன், காசு செலவில்லாம."

"சரி. இப்ப ஒத்துக்கிட்டேன் இல்ல."

"என்கிட்ட ஒத்துக்கிட்டு என்ன பண்ண?" ஹருயோவின் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "எனக்கு ஏழை நிறுத்தத் தெரியலன்னு என்கிட்டயா சொன்னீங்க? வரிசையில சொன்னீங்க. கூரையைக்கூட விட்டுட்டேன் அண்ணி, போனது போகட்டும். கடைக்கு வர்றவன் என் கையைப் பார்த்துச் சிரிச்சானே, அதை எங்க போய்க் கழுவுறது? எங்க சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க."

கிழவர் கண்ணாடியில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மிவாகோவின் கழுத்து சிவந்துவிட்டது. வரிசையில் ஆறு அக்கா வாயைத் திறந்து, எனக்கு ஒன்றும் தெரியாது, ஒருநாளும் தெரிந்ததில்லை என்று சொல்வதா? அப்படிச் சொன்னால் அங்கே நிற்க அவருக்கு வேறு என்ன பெயர் மிஞ்சும்? வாசல் வரை போய்விட்டார். கதவைத் திறந்து பிடித்தபடியே திரும்பினார்.

"உனக்காக இல்லடி," என்றார். "அவன் எனக்கு நன்றி சொன்னான். குனிஞ்சு, நன்றி சொன்னான். அதையும் சேர்த்துத்தான் சொல்லுவேன்."

"எதைச் சேர்த்தாலும் சரி. முதல்ல ஏழு."

"முதல்ல ஏழு," என்றார் மிவாகோ. கதவை அறைந்த அறையில் கடையின் மணி அறுந்து விழுந்தது.

அடுத்த திங்கட்கிழமை வசந்த விடுமுறை, பள்ளியில் சமையல் இல்லை. கூடம் பத்து மணிக்குத் திறக்கும், வரிசைச் சீட்டு ஒன்பதரைக்குக் கொடுப்பார்கள். ஹருயோ ஒன்பது மணிக்கே வந்து கடைசி ஆளாக நிற்பதாகச் சொல்லியிருக்கிறார், மிவாகோவின் குரல் அதுவரை கேட்க வேண்டுமாம்.